ஸ்கூட்டியில் டைமிங் பெல்ட் கிடையாது, ஆனால் மாற்ற வேண்டிய பெல்ட் ஒன்று இருக்கிறது

மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். 110 சிசி ஸ்கூட்டி, 2018ல் எடுத்தது, 26,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, ஏற்றத்தில் முன்னைப்போல இழுக்கவில்லை. கராஜில் காட்டினால் "டைமிங் பெல்ட் மாத்தணும், விட்டா வால்வ் வளைஞ்சு எஞ்சினே போயிரும்" என்றார்களாம். இதை வீட்டிலேயே மாற்றலாமா, என்னென்ன சாமான் வேண்டும், எஞ்சினைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்கிறார்.

மாற்றலாம். ஒரு சனிக்கிழமை மத்தியானம் காணும். ஆனால் முதலில் பெயரைச் சரி பண்ணிக்கொள்வோம், ஏனென்றால் பெயர் மாறினால் கடையில் வாங்கும் சாமானும் மாறும், பயமும் தேவையில்லாத இடத்தில் வந்து உட்காரும்.

டைமிங் என்பது எஞ்சினுக்குள்ளே நடக்கும் வேலை. பிஸ்டன் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் மேலே கேம் ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும், அப்போதுதான் வால்வுகள் நேரத்துக்குத் திறந்து மூடும். இந்த இரண்டையும் இணைப்பது நம் ஊரில் ஓடும் ஏறக்குறைய எல்லா பைக்கிலும், ஸ்கூட்டியிலும், ஒரு சிறிய இரும்புச் செயின். எண்ணெயில் நனைந்துகொண்டே சுற்றுவது, அதனால் நீண்ட காலம் உழைக்கும். கார்களில் இருப்பதுபோல ரப்பர் டைமிங் பெல்ட் வைத்த மோட்டார் சைக்கிள்கள் உலகத்தில் உண்டு. இத்தாலிக்காரர்களின் டுகாட்டியில் 1970களின் கடைசியில் வந்த பான்டா மாடலிலிருந்து அப்படித்தான், சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு பெல்ட். ஹோண்டாவின் கோல்ட் விங்கிலும் 1,500 சிசி மாடல் வரை இருந்தது, 1,800 சிசி வந்தபோது செயினுக்கு மாறிவிட்டார்கள். அந்த மாதிரி வண்டிகளில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் முட்டும், கராஜில் சொன்ன கதை அப்படியே நடக்கும். அதனால்தான் அவர்கள் கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல் வருடக் கணக்கும் வைத்து, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெல்ட்டை மாற்றுகிறார்கள். உங்களிடம் இருப்பது டுகாட்டி இல்லையே? அப்படியானால் அந்தப் பயத்தை இறக்கி வைத்துவிடுங்கள்.

உங்கள் ஸ்கூட்டியில் கியர் இல்லை என்பதால் அதற்குப் பதிலாக இடது பக்கத்து நீளமான கவருக்குள்ளே ஒரு அகலமான ரப்பர் பெல்ட் ஓடுகிறது. எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோவது அதுதான். டிரைவ் பெல்ட் என்று கேட்டு வாங்குங்கள், சில கடைகளில் வி பெல்ட் என்பார்கள். இது அறுந்தால் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. எஞ்சின் பாட்டுக்கு அலறும், வண்டி நகராது, அவ்வளவுதான். ஆனால் நம் ரோட்டில் அந்த "அவ்வளவுதான்" கொஞ்சம் பெரிய விஷயம். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலைக்கு இறங்கும்போது அறுந்தால் எஞ்சின் பிடித்துக்கொண்டிருந்த இழுவை அந்த நொடியே போய்விடும், அதற்கப்புறம் இரண்டு பிரேக் மட்டும்தான். முடக்குக்கு முடக்கு பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறிப் பிடி குறையும். ஆகவே பெல்ட்டை அலட்சியம் பண்ணச் சொல்லவில்லை, எதற்காகப் பயப்பட வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

சரி, ஏற்றத்தில் ஏன் இழுக்கவில்லை? முன்னால் கிராங்க் நுனியில் ஒரு புல்லி, பின்னால் கிளட்ச்சோடு ஒரு புல்லி. இரண்டுமே எதிரெதிரே வைத்த இரண்டு தட்டுகள் மாதிரி, நடுவில் வி வடிவத்தில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்தில் பெல்ட். வண்டி கிளம்பும்போது முன் புல்லியில் பெல்ட் பள்ளத்தின் அடியில் கிடக்கும், பின் புல்லியில் விளிம்பு வரை ஏறி நிற்கும். அதுதான் முதல் கியர். எஞ்சின் வேகம் கூடும்போது முன் புல்லிக்குள் இருக்கும் ஆறு ரோலர்கள் வெளிப்பக்கம் ஓடித் தட்டைத் தள்ளும், பெல்ட் முன்னால் மேலேறும், பின்னால் கீழிறங்கும். அது மேல் கியர். இப்போது பெல்ட் தேய்ந்து அகலம் குறைந்துவிட்டது என்று வையுங்கள். பின் புல்லியில் அது பழையபடி விளிம்பு வரை ஏற முடியாது, கொஞ்சம் உள்ளே அமுங்கியே நிற்கும். அப்படியென்றால் முதல் கியரே கொஞ்சம் பெரிய கியராகிவிட்டது. சமதரையில் இது தெரியவே தெரியாது. முடக்கில் வேகம் குறைந்து, பின்னால் ஆளும் இருந்து, ஆக்சிலேட்டரைத் திரும்ப முறுக்கும்போது தெரியும். மேல் வேகமும் இதே காரணத்தால் குறையும், ஆனால் நம் ரோட்டில் யார் மேல் வேகத்தில் போகிறார்கள்?

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீட்டர், நுவரெலியா 1,868 மீட்டர். நுவரெலியா உயரத்தில் காற்று கடலோரத்தை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு ஐதாக இருக்கும், எஞ்சினும் அந்த அளவுக்குச் சக்தி குறைந்துதான் ஓடும். கொழும்பில் ஓட்டிப் பார்த்து வாங்கிய வண்டி நானுஓயா ஏற்றத்தில் மூச்சு வாங்கினால் அது பெல்ட்டின் குற்றம் இல்லை. ஆனால் உங்கள் கேஸ் வேறு. அதே ஆள், அதே ரோடு, முன்பு ஏறியது இப்போது ஏறவில்லை. ஏர் ஃபில்டரும் பிளக்கும் சரியாக இருந்தால் பெல்ட், ரோலர் பக்கம்தான் சந்தேகம் போகும்.

பெல்ட்டைக் கழற்றாமலே சில அடையாளம் உண்டு. முறுக்கினால் சத்தம் மட்டும் கூடி வண்டி ஒரு கணம் தாமதித்து நகர்வது, மழை விட்ட காலையில் கீச்சென்ற சத்தம், நீண்ட ஏற்றத்துக்கு அப்புறம் ரப்பர் கருகிய வாடை. கிளம்பும்போது வண்டி உதறினால் அது பெரும்பாலும் பெல்ட் இல்லை, கிளட்ச் டிரம் பளபளப்பாகிவிட்டது என்று அர்த்தம். அதையும் இதே வேலையோடு பார்த்துவிடலாம்.

பல 110 சிசி ஸ்கூட்டிகளின் கையேட்டில் பெல்ட்டை 24,000 கிலோமீட்டர் அளவில் மாற்றச் சொல்லியிருப்பார்கள். அது பொதுவான கணக்கு. என் அனுபவத்தில், தோட்டத்து ரோட்டில் இரண்டு பேரும் ஒரு கேஸ் சிலிண்டருமாக ஓடும் வண்டிக்கு 15,000 தாண்டியதும் கவரைத் திறந்து ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025ல்தானே திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருஷத்தில் நம் ஆட்கள் புது வண்டிக்கு வழியில்லாமல் இருந்ததையே ஓட்டி ஓட்டி, மீட்டர் கேபிள் அறுந்த வண்டிகள்தான் இப்போது பாதி. மீட்டர் காட்டுவதை நம்பாதீர்கள், கண்ணால் பாருங்கள்.

சாமான். 8 மிமீ, 10 மிமீ டி ஸ்பேனர். முன் நட்டுக்கும் பின் நட்டுக்கும் பொருத்தமான பாக்ஸ் சாக்கெட், அளவு மாடலுக்கு மாடல் மாறும், கவரைத் திறந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். புல்லியைச் சுற்றவிடாமல் பிடிக்கும் ஹோல்டர், இது கட்டாயம். நட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச், இதுவும் கட்டாயம், இரவலாவது வாங்குங்கள். கவரின் பேக்கிங் பேப்பர் புதிதாக ஒன்று. பிரேக் கிளீனர் ஒரு டின், அகலத்தை அளக்க வெர்னியர் ஒன்று கிடைத்தால் நல்லது. அப்புறம் ஒரு பிஸ்கட் பெட்டி அட்டை. சிரிக்காதீர்கள், கவர் போல்ட்டுகள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. அட்டையில் கவரின் உருவத்தைக் கோடாக வரைந்து, எந்த இடத்திலிருந்து கழற்றினோமோ அந்த இடத்தில் ஓட்டை போட்டுச் செருகிவிடுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டையான இடத்தில் போட்டு முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும், அதைச் சரி பண்ண லேத்துக்குத்தான் ஓட வேண்டும்.

பெல்ட்டை எங்கே வாங்குவது என்பது வேலையில் பாதி. பழைய பெல்ட்டின் முதுகில் நம்பர் அச்சடித்திருக்கும், தேய்ந்து போயிருந்தால் மாடலையும் வருடத்தையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள், ஒரே பெயரில் வந்த வண்டியிலேயே வருடத்துக்கு வருடம் பெல்ட் மாறியிருக்கும். டவுனில் ஒரு கடையில் கம்பெனிப் பெட்டியிலேயே எனக்கு ஒரு டூப்ளிகேட் தந்தார்கள், 4,000 கிலோமீட்டரில் பல்லுக்கு அடியெல்லாம் வெடித்துவிட்டது. அதிலிருந்து நான் பெட்டியைப் பார்ப்பதில்லை. பெல்ட்டை எடுத்து உட்பக்கம் வெளியே வரும்படி மடக்கிப் பார்ப்பேன், பல்லின் அடியில் ரப்பர் ஒழுங்காக வார்த்திருக்கிறதா, பக்கவாட்டில் நூல் பிசிறு தெரிகிறதா என்று. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகும் ஆள் யாராவது இருந்தால் அங்கே சொல்லி எடுப்பது இன்னும் நல்லது, நாலு கடை ஏறி ஒப்பிட்டுப் பார்க்கலாம். ரோலர் செட்டும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். ஆறும் ஒரே எடை, பழையது எத்தனை கிராமோ அதே கிராம். ஏற்றத்துக்கு எடை குறைந்த ரோலர் நல்லது என்று சிலர் சொல்வார்கள், அது பொய்யில்லை, எஞ்சின் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் நின்றுதான் கியர் மாறும், இழுவை கூடும். ஆனால் பெட்ரோலும் கூடும், இறக்கத்தில் சத்தமும் கூடும். முதல் தடவை அதில் கை வைக்காதீர்கள்.

இனி வேலை. வீட்டு முன் இஸ்தோப்பில் வெளிச்சம் இருந்தால் அங்கேயே, சென்டர் ஸ்டாண்டில் நேராக நிறுத்தி, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றிவிடுங்கள். செல்ஃப் ஸ்டார்ட் வண்டி, நீங்கள் கையை உள்ளே வைத்திருக்கும்போது வீட்டுச் சின்னப்பிள்ளை வந்து சுவிட்சை அழுத்தினால் விரல் போய்விடும். கிக்கரைக் கழற்றி, காற்றுக் குழாயின் கிளிப்பை விலக்கி, கவர் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். கவர் ஒட்டிக்கொண்டிருந்தால் ரப்பர் சுத்தியலால், அது இல்லாவிட்டால் ஒரு மரக்கட்டையை வைத்து, சுற்றிலும் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவரை இடுக்கில் விட்டு நெம்ப வேண்டாம், அந்த முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் மழைத் தண்ணீருக்கு அதுவே வழி. கவர் வரும்போது கூடவே சிறு வாஷர்கள், கவரை இடம் மாறாமல் நிறுத்தும் இரண்டு டோவல் பின், சில மாடலில் ஸ்டார்ட்டர் பற்சக்கரமும் கையோடு வரும். எது எங்கே இருந்தது என்று தொடுவதற்கு முன்னால் நாலைந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கிக்கர் ஸ்பிரிங் கவருக்குள்ளே இருக்கும், அதை நோண்ட வேண்டாம்.

உள்ளே கறுப்புத் தூசி நிறைய இருக்கும். வாயால் ஊதாதீர்கள், காற்றடிக்கும் பம்பும் வேண்டாம். பெல்ட் தூசியோடு கிளட்ச் லைனிங் தூசியும் கலந்திருக்கும், அது நெஞ்சுக்கு ஆகாது. முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு ஈரத் துணியால் துடைத்து எடுங்கள்.

முன் நட்டைக் கழற்றும்போது ஃபேன் தகட்டை, அதாவது முன் புல்லியின் இறக்கை வைத்த வெளித் தட்டை, ஹோல்டரால் பிடிக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரை ஃபேன் இறக்கையில் முட்டுக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள், இறக்கை ஒன்று உடைந்தால் தகடு சமன் இல்லாமல் சுற்றும், அந்த அதிர்வு கிராங்க் பேரிங்குக்குப் போகும். பிளக் ஓட்டைக்குள் கயிற்றை விட்டு பிஸ்டனை நிறுத்துகிற பழைய வித்தையும் உண்டு. இரண்டு வால்வும் மூடியிருக்கும் நேரத்தில் செய்தால்தான் அது வித்தை, இல்லாவிட்டால் உண்மையிலேயே வால்வ் வளையும், கராஜ்காரர் சொன்னதை நாமே நடத்திக் காட்டியதாகிவிடும்.

நட்டு வந்ததும் ஃபேன் தகட்டை எடுத்துவிட்டு, பெல்ட்டை நடுவில் இரண்டு பக்கமும் அமுக்கிப் பின் புல்லிக்குள் இறக்குங்கள், தளர்வு கிடைக்கும். பின் பக்க நட்டையும் கழற்றி, கிளட்ச் டிரம்மை எடுத்தால் கிளட்ச்சும் புல்லியும் பெல்ட்டோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும். அந்தக் கிளட்ச்சின் நடுவில் இன்னொரு பெரிய நட்டு இருக்கும். அதற்குக் கீழே ஒரு பலமான ஸ்பிரிங் அமுங்கிக் கிடக்கிறது. அமுக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் அந்த நட்டைத் திறந்தால் முகத்துக்கு வரும். பெல்ட் மாற்ற அதைத் திறக்கத் தேவையே இல்லை.

பழைய பெல்ட்டையும் புதியதையும் பக்கத்தில் வைத்து வெர்னியரில் அகலத்தைப் பாருங்கள். எவ்வளவு தேயலாம் என்ற கணக்கு உங்கள் மாடல் புத்தகத்தில் இருக்கும், புத்தகம் இல்லாவிட்டால் என் கணக்கு: ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தால் அது தன் காலத்தை முடித்துவிட்டது. முன் புல்லியின் உள் தட்டை எடுக்கும்போது பின்னால் இருக்கும் தகட்டையும் சேர்த்துப் பிடித்து இழுங்கள், இல்லாவிட்டால் ரோலர்கள் உருண்டு படிக்கட்டு வழியே இறங்கி லயத்து கானுக்குள் போய்விடும், எனக்கு ஒன்று அப்படித்தான் போனது. ரோலரில் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் செட்டையே மாற்றுங்கள். தகட்டின் ஓரங்களில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டுகள் ஆடினால் அவற்றையும், விலை ஒன்றும் பெரிதில்லை. தட்டுகளின் முகத்தைப் பிரேக் கிளீனரால் துடைத்தால் காணும், அதில் சேண்ட் பேப்பர் படக் கூடாது. சேண்ட் பேப்பர் தேவைப்படுவது கிளட்ச் டிரம்மின் உட்பக்கத்துக்கு மட்டும், பளபளப்பு மறையும் வரை லேசாக. கிரீஸ் எங்கே வைக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறதோ அங்கே மட்டும், அதுவும் துளி. கையில் கிரீஸ் இருந்தால் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் புது பெல்ட்டைத் தொட வேண்டும்.

இப்போது சொல்லப் போவதுதான் இந்த வேலையின் உயிர். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நான் முதல் தடவை மாற்றியபோது எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன் என்று நினைத்தேன். பெல்ட்டைப் போட்டு, ஃபேன் தகட்டை வைத்து, நட்டை முறுக்கினேன். கல் மாதிரி இறுகியது. நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்கு ஏறும்போது மூன்றாம் நாள் இடது பக்கத்தில் ஒரு கரகரப்பு, டிக்கோயா வருவதற்குள் இரும்பை இரும்பில் தேய்க்கிற சத்தம், அப்புறம் எஞ்சின் மட்டும் சுற்றுகிறது, வண்டி நிற்கிறது. திறந்து பார்த்தால் நட்டு கையாலேயே கழன்றது. கிராங்க் நுனியில் ஃபேன் தகட்டைப் பிடிக்கும் பற்கள் பாதி மழுங்கிப் போயிருந்தன. எஞ்சினைப் பிரித்து கிராங்க் மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு மாதச் சம்பளம் அப்படியே போனது, வீட்டில் வாங்கிய பேச்சு தனிக் கணக்கு.

நடந்தது இதுதான். பெல்ட் பின் புல்லியில் விளிம்பிலேயே நின்றது, அதனால் முன்னால் தளர்வே இல்லாமல் இழுத்துப் பிடித்து, முன் புல்லியின் நடுவில் இருக்கும் புஷ் என்ற இரும்புக் குழாய்க்கு மேலே, இரண்டு தட்டுக்கும் இடையில் சிக்கிக்கொண்டிருந்தது. நான் நட்டை முறுக்கியபோது ஃபேன் தகடு புஷ்ஷில் போய் உட்காரவில்லை, இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னாலேயே பெல்ட்டின் ரப்பரில் முட்டி நின்றுவிட்டது. கைக்கு அது இறுக்கமாகத்தான் தெரியும். எஞ்சின் சுற்ற ஆரம்பித்ததும் பெல்ட் தன் இடத்துக்கு நகர்ந்தது, இடைவெளி திறந்தது, நட்டுக்குப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் போனது. பிறகு ஆக்சிலேட்டரை முறுக்கும் ஒவ்வொரு முறையும் தகடு முன்னும் பின்னும் ஆடி ஆடிப் பல்லைத் தின்றுவிட்டது.

ஆகவே பெல்ட்டைப் போடும்போது முதலில் பின் புல்லியின் இரண்டு தட்டையும் கையால் விரித்து, பெல்ட்டை அதன் அடி வரைக்கும் தள்ளுங்கள். ஸ்பிரிங் திரும்பத் தள்ளும், பலமாகத்தான் தள்ளும். பெல்ட்டை இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு துணிக் கயிற்றால் நடுவில் கட்டிவிட்டால் அது திரும்பி ஏறாது, கட்டு அவிழ்க்க மட்டும் மறக்கக் கூடாது. அம்புக்குறி போட்டிருந்தால் அது சக்கரம் சுற்றும் திசையைப் பார்க்க வேண்டும். இப்போது முன் பக்கம் பெல்ட் தொளதொளவென்று புஷ்ஷின் மேல் தொங்க வேண்டும். தொங்கவில்லையா, நட்டை எடுக்கவே வேண்டாம், திரும்பப் பின்னால் போய் விரியுங்கள். தொங்குகிறது என்றால் ஃபேன் தகட்டைப் பற்கள் பொருந்தும்படி வைத்துக் கையால் தள்ளுங்கள். டக் என்று இரும்பில் இரும்பு போய் உட்காருவது கையில் தெரியும். கழற்றுவதற்கு முன் எடுத்த போட்டோவில் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிந்ததோ, வாஷர் வைத்து நட்டைக் கையால் ஏற்றிய பிறகும் ஏறக்குறைய அத்தனை தெரிய வேண்டும். குறைந்தால் எங்கேயோ பெல்ட் மாட்டியிருக்கிறது. பிறகு முறுக்குங்கள். முறுக்கி முடித்த பிறகும் முன்னால் பெல்ட் ஆட வேண்டும். அப்புறம் பின் புல்லியைக் கையால் சுற்றச் சுற்ற அது மெல்ல ஏறிப் பின் புல்லியின் விளிம்புக்கு வரும்.

முறுக்குவது எவ்வளவு? புத்தகத்தில் நியூட்டன் மீட்டரில் ஒரு எண் இருக்கும், மாடலுக்கு மாடல் நிறையவே மாறும், முன் நட்டுக்கும் பின் நட்டுக்கும் கூட ஒன்றில்லை. ஆகவே பக்கத்து வீட்டு வண்டியின் எண் உங்களுக்கு உதவாது. முப்பது சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் இருபது கிலோ அளவுக்கு அழுத்தினால் கிட்டத்தட்ட 59 நியூட்டன் மீட்டர் வரும், ஒரு ஆள் சாதாரணமாக "நல்லா இறுக்கிட்டேன்" என்று சொல்வது பெரும்பாலும் அந்த அளவுதான். புத்தகம் 100க்குப் பக்கத்தில் கேட்டால் அது எவ்வளவு குறைவு என்று பாருங்கள். மறுபக்கம், காற்றுத் துப்பாக்கியால் டர்ரென்று ஏற்றுகிறார்களே, அதில் எவ்வளவு ஏறியது என்று அடித்தவருக்கே தெரியாது. கழற்ற அது நல்ல சாமான், பூட்ட இல்லை. டார்க் ரெஞ்ச் கிடைக்கவே இல்லை என்றால் எல்லாவற்றையும் பூட்டி, கவரைப் போடாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்துக் கராஜுக்குப் போய் அந்த இரண்டு நட்டை மட்டும் முறுக்கி வாங்குங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கவரை மூடும் முன் அதற்குள் காற்று போகும் வழியையும் அதன் ஸ்பாஞ்சையும் பாருங்கள், கவரின் அடியில் தண்ணீர் வடியும் துளை மண் அடைத்திருந்தால் குத்தி விடுங்கள். மே மாதத்திலிருந்து மழை பிடித்தால் நம் ரோட்டில் ஓடை எது, வடிகான் எது என்று தெரியாது. அதற்குள் விட்டு ஓட்டிய பிறகு பெல்ட் வழுக்கினால் பயப்பட வேண்டாம், தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, மெதுவாக ஓட்டினால் சூட்டில் காய்ந்துவிடும். அடிக்கடி அப்படி ஆனால்தான் பேக்கிங்கைச் சந்தேகப்பட வேண்டும்.

புது பெல்ட் போட்டு முதல் நூறு கிலோமீட்டருக்கு ஆக்சிலேட்டரை முழுசாக முறுக்காமல் ஓட்டுங்கள், இரண்டு பேர் ஏற வேண்டாம். ஒரு வாரம் கழித்து கவரைத் திறந்து முன் நட்டை ஒரு முறை டார்க் ரெஞ்சால் தொட்டுப் பாருங்கள், நான் சூடு கண்டவன், அதனால் சொல்கிறேன். இறக்கத்தில் ஒரு பழக்கம்: ரொம்ப மெதுவாக உருண்டால் கிளட்ச் விட்டுவிடும், எஞ்சின் பிடிக்காது. லேசாக ஒரு முறுக்குக் கொடுத்து விட்டீர்கள் என்றால் திரும்பப் பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கும் கொஞ்சம் ஓய்வு.

கியர் பைக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு டைமிங் செயினையும் வீட்டிலேயே மாற்றலாமா என்று கேட்பீர்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது சிலிண்டர் பக்கம் சரசரவென்று சத்தம் வந்தால் முதலில் செயினைத் தளராமல் பிடிக்கும் டென்ஷனரைப் பார்க்க வேண்டும், பல நேரம் அதோடு முடிந்துவிடும். செயினையே மாற்றுவதென்றால் கிராங்க் நுனியில் சுற்றும் காந்தச் சக்கரமான மேக்னட்டைக் கழற்ற வேண்டும், அதிலுள்ள டி குறியையும் கேம் பற்சக்கரத்தின் குறியையும் ஒன்றாக நிறுத்த வேண்டும், ஒரு பல் தவறினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகாது அல்லது அதைவிட மோசமாக ஏதாவது ஆகும். அதை ஒரு நல்ல மெக்கானிக் பாஸின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை பார்த்த பிறகு செய்யுங்கள்.

தம்பி, பெல்ட்டை வாங்குவதற்கு முன் பழையதன் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், சரியானதுதானா என்று பார்த்துச் சொல்கிறேன். ஹோல்டரும் டார்க் ரெஞ்சும் என்னிடம் இருக்கின்றன. டிக்கோயா பக்கம் வந்தால் எடுத்துப் போங்கள், திங்கட்கிழமைக்குள் திரும்ப வந்துவிட வேண்டும்.